இரண்டு குழாய், ஒரு கால்வாய்

போன ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டைப் பொத்தானில் கை வைத்த நேரம்... வாசலில் ஒரு தம்பி. கழுத்தில் டை, கையில் பெட்டி, முகத்தில் தீராத புன்னகை. சுங்கை பட்டாணி வெயிலில் டை கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பவர்கள் இரண்டே வகைதான். ஒன்று இன்சூரன்ஸ். மற்றது தண்ணீர் வடிகட்டி. இவர் இரண்டாவது வகை.

"அஞ்சு நிமிசம்தான் சார். வாங்க வேணாம். பாத்தா போதும்லா," என்றார்.

வாங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எனக்கு இது தெரியும். என் மனைவிக்குத் தெரியாது. அவள் ஏற்கெனவே மேசையைத் துடைத்து, நாற்காலி இழுத்துப் போட்டு, மின்விசிறியையும் தட்டிவிட்டிருந்தாள்.

தம்பி ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கோப்பித் தூளைக் கலக்கினார். தான் கொண்டு வந்த வெள்ளைக் கூஜாவில் ஊற்றினார். கீழே குழாயைத் திறந்தால்... பளிங்கு மாதிரி தண்ணீர்! மனைவி வாயைப் பிளந்தாள். நான் பிளக்கவில்லை. இதைவிடப் பெரிய வித்தையை நான் பார்த்திருக்கிறேன்.

"தம்பி, அந்தக் கோப்பி எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"உள்ளயே நிக்கும் சார்."

"அப்புறம்?"

"மாசம் ஒருதரம் கழட்டி கழுவிடலாம் சார்."

"கழுவின தண்ணி?"

"லோங்காங்குல ஊத்திடலாம் சார்."

"அந்த லோங்காங் எங்க போகுது?"

தம்பி என் மனைவியைப் பார்த்தார். 'சாக்கடை போகும் ஊர் எது என்று விசாரிக்கும் மனிதரோடு எப்படியம்மா குடும்பம் நடத்துகிறீர்கள்?' என்பது போலிருந்தது அந்தப் பார்வை. பிறகு பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'செயல் விளக்கத்தைக் கண்டேன். நீரின் தரம் திருப்தி.' கீழே ஒரு கோடு. வாங்கவில்லை என்றாலும் பரவாயில்லை, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அதைக் கம்பெனியில் காட்ட வேண்டும் என்றார்.

நான் போடவில்லை. அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மறுத்தேன். டை கசங்கியது போல் அவர் முகமும் கசங்கிப் போய்விட்டது.

"ஒரு கையெழுத்து போட்டா உங்க சொத்தா கரைஞ்சிடும்? பாவம், அந்தப் புள்ள!" என்று மனைவி அன்று முழுவதும் பொரிந்து தள்ளினாள். காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். கேட்க அவள் தயாராக இல்லை. நீங்களாவது கேளுங்கள்.

பத்திரிகையில் எழுதிப் பிழைக்க வருவதற்கு முன்னால், இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், சுங்கை லாலாங் பக்கம் ஓர் ஊறுகாய்த் தொழிற்சாலையில் நான் கிராணி வேலை பார்த்தேன். எஸ்டேட்டிலிருந்து வந்த பழக்கம், எங்கள் ஊர்களில் கணக்கு எழுதுகிறவன், கடிதம் எழுதுகிறவன், பேனா பிடித்த எவனானாலும் கிராணிதான். முதலாளியின் பெயர் முத்தையா. மளிகைக் கடையில் ஆரம்பித்து உழைப்பால் உயர்ந்தவர். அதை நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் ஒரு தடவை அவரே ஞாபகப்படுத்துவார்.

ஊறுகாய் போடுவது சுலபம் என்று நினைப்பீர்கள். மாங்காயையும் எலுமிச்சையையும் சிமெண்டுத் தொட்டியில் உப்போடு கொட்டி வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்தால் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கரிப்பு. அதனால் நல்ல தண்ணீரில் ஒரு முறை, இரு முறை, மூன்று முறை அலசுவார்கள். அலசிய தண்ணீர் எங்கே போகும்? பின்பக்கம் இருந்த மண் கால்வாய்க்குப் போகும். கால்வாய் எங்கே போகும்? அதை யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குப் பேனா பிடித்த ஒருவன் வேண்டும் அல்லவா... அவன் சம்பளம் வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

கால்வாய் நேராக ரோசம்மா அக்காவின் கடைக்குப் பின்னால் போனது.

ரோசம்மா அக்கா எங்கள் மாதா கோவில்தான். கணவர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவர். அக்கா சாலையோரத்தில் தகரக் கூரை போட்டு, இரண்டு பெஞ்சு வைத்து, தே கடை நடத்தினார். குருண் ஊரிலிருந்து இறங்கி வரும் லாரிக்காரர்கள் அங்கேதான் நிற்பார்கள். எங்கள் ஆட்களும் அங்கேதான் பசியாறுவார்கள். கடையின் மூலதனம் என்று பார்த்தால் ஓர் அடுப்பு, ஒரு பெரிய கெண்டி, பின்னால் ஒரு கிணறு. கிணற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில் நாலு கத்தரிச் செடி.

முதலில் கத்தரிச் செடி கருகியது. பூச்சி என்று நினைத்தார் அக்கா. பிறகு துணி துவைத்தால் சவுக்காரம் நுரைக்கவில்லை. சவுக்காரம் மட்டம் என்று கடையை மாற்றினார். பிறகு ஒரு நாள், ஒரு லாரிக்காரர் தேயை ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்னக்கா, சீனிக்குப் பதிலா உப்ப போட்டுட்டீங்களா?"

அக்கா குடித்துப் பார்த்தார். பால் டின்னைச் சந்தேகப்பட்டார். தேத்தூளைச் சந்தேகப்பட்டார். தன் கையையே சந்தேகப்பட்டார். கடைசியில்தான் கிணற்றை எட்டிப் பார்த்தார். அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்துக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும், அதற்கும் வரிசை. அங்கிருந்து சைக்கிளில் டின் கட்டிக் கொண்டு வந்து கடை நடத்த முடியுமா? இரண்டு வாரம் நடத்தினார். முட்டி வீங்கிவிட்டது. மறுபடி கிணறு. லாரிகள் ஒவ்வொன்றாக நிற்காமல் போக ஆரம்பித்தன.

அந்தக் கடை போனால் அக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னை மடக்கினார். "தம்பி, நீதான் படிச்ச புள்ள. ஒரு மனு எழுதிக் குடு. ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எழுதிக் கொடுத்தேன். மலாயில், அழகான எழுத்தில், 'ஏழை எளிய மக்களின் குடிநீர்' என்றெல்லாம் உருக்கமாக எழுதி, அக்காவின் பெயரைக் கீழே போட்டேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. என் எழுத்துக்கு நானே கலங்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது, பாருங்கள்.

மனு வேலை செய்தது! சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார், கால்வாயைப் பார்த்தார், பாட்டிலில் தண்ணீர் பிடித்தார், முதலாளியிடம் இதற்கு வழி செய்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி குதித்தார்.

"நாம என்ன வெசமா விடுறோம்? உப்புதானேடா? கடல்ல இல்லாத உப்பா?"

அந்தக் கேள்வியை அவர் எங்கள் எல்லோரிடமும் கேட்டார், கடைக்குப் போய் ரோசம்மா அக்காவிடமும் கேட்டார். அக்கா அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆனால் குதித்து என்ன செய்வது? மெஷின் வந்தது. பினாங்கிலிருந்து லிம் என்ற சீன எஞ்சினியர் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு பெரிய பம்பு, நாலு நீளக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய சவ்வுத் தாளைப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி வைத்திருந்தார்கள். அலசிய தண்ணீரை பம்பு அதன்மேல் பலமாக நெருக்கும். தண்ணீர் சவ்வைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். உப்பால் தாண்ட முடியாது. ஆக, வெளியே வருவது இரண்டு குழாய். ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றதில் அத்தனை உப்பையும் தாங்கிய கெட்டித் தண்ணீர்.

லிம் திட்டம் அருமையாக இருந்தது. நல்ல தண்ணீரை மறுபடி மாங்காய் அலச வைத்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீரைக் காய்ச்சிச் சுத்தப்படுத்தி ஊறல் தொட்டிக்கே திருப்பலாம், உப்பு மிச்சம். கால்வாய்க்குப் போக ஒரு சொட்டும் மிஞ்சாது. இதையெல்லாம் அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து எனக்கு விளக்கினார். நான் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டேன். கடைசியாக ஒன்றை விரலை நீட்டிச் சொன்னார். சவ்வு எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும், காய்ந்தால் செத்தது, சுரண்டினாலும் செத்தது. அதை ஒரு தாளில் குறித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபைலில் போட்டு அலமாரியில் பூட்டினேன். இன்றுவரை பத்திரமாகத்தான் இருக்கும்.

இனி மண்டோர் அங்கப்பன் அண்ணன். தொழிற்சாலையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அவர்தான். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை படாமல் ஊறுகாய்த் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். குழாய் இணைக்கும் பொறுப்பை முதலாளி அவரிடம் கொடுத்தார். உப்புத் தண்ணீர் ஊறல் தொட்டிக்குத் திரும்பிப் போகும் என்று நான் சொன்னதும், அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன கிராணி பேசுறீங்க? கழுவி ஊத்துன தண்ணி. அத மறுபடி தொட்டியில விட்டு ஊறுகா போடுறதா? எச்சி தண்ணிலா அது! இந்த ஊறுகா கோயில் அன்னதானத்துக்கெல்லாம் போகுது. என் கையால அந்தப் பாவத்த செய்ய மாட்டேன்."

"சரி அண்ணே, நல்ல தண்ணியவாவது அலச வச்சுக்கலாம்ல?"

"அது மட்டும் எங்கேருந்து வந்துச்சு? அதே எச்சியிலருந்துதானே?"

முதலாளியிடம் போனேன். அவர் யோசித்தார். முகத்தைச் சுளித்தார். "மண்டோர் சொல்றதும் ஞாயந்தான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தொட்டிக்கும் ஆகாது, அலசவும் ஆகாது. பிறகு எங்கே விடுவது? அண்ணன் இரண்டு குழாய்களையும் சுவரோரமாக, வளைவு நெளிவு இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று படாமல், பச்சைச் சாயம் பூசி, அழகாகக் கொண்டுபோய்... பின்பக்கக் கால்வாயில் விட்டார். பக்கத்துப் பக்கத்தில், ஒரு முழ இடைவெளியில்!

புரிகிறதா? மின்சாரம் செலவழித்து, பம்பு அலற அலற, தண்ணீரையும் உப்பையும் தனித்தனியாகப் பிரிப்போம். பிரித்துக் கொண்டுவந்து கால்வாயில் மறுபடி ஒன்றாகக் கலந்துவிடுவோம். மனித குலம் எத்தனையோ இயந்திரங்களைக் கண்டுபிடித்திருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு எதையும் செய்யாத இயந்திரத்தைக் கண்டவர்கள் நாங்கள் மட்டுமே.

திறப்பு விழா நடந்தது. ரிப்பன், மாலை, வடை. முதலாளி நல்ல தண்ணீர்க் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்து, எல்லோர் முன்னிலையிலும் மடக் மடக்கென்று குடித்தார். எச்சில் தண்ணீர் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது போலும். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. பின்வரிசையில் ரோசம்மா அக்காவும் நின்று கைதட்டினார். என்னைப் பார்த்துக் கண்ணால் நன்றி சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் வேலை என்ன தெரியுமா? லிம் ஒரு மீட்டர் கொடுத்திருந்தார். வாரம் ஒருமுறை மெஷின் தண்ணீரில் அதன் கம்பியை முக்கினால் முள் நகரும், உப்பு எவ்வளவு என்று காட்டும். அதை ஒரு படிவத்தில் எழுதி, 'வெளியேறும் நீர்: திருப்தி' என்று கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். எந்தக் குழாயில் முக்குவது? படிவத்தில் ஒரு குழாய்க்குத்தான் கட்டம் இருந்தது. நானும் ஒரு குழாயில்தான் முக்கினேன். எந்தக் குழாய் என்று உங்களுக்கே தெரியும்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை அக்கா கடையில் தே குடித்தேன். கரித்தது. "இப்பத்தானேக்கா மெஷின் போட்டிருக்கு? பழைய உப்பு மண்ணுல எறங்கியிருக்கும். போகப் போக சரியாயிடும்," என்றேன்.

"நீ சொன்னா சரிதான் தம்பி," என்றார்.

ஒரு மாதம் கழித்தும் கரித்தது. மூன்று மாதம் கழித்தும் கரித்தது. நான் சீனி தூக்கலாகப் போடச் சொல்லிக் குடித்தேன். இரண்டாவது குழாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். முதலாளியிடம் ஒரு தடவை இழுத்தாற்போல் சொல்லியும் பார்த்தேன். "ஒனக்கு இங்க வேல புடிக்கலயா?" என்றார். வேலை பிடித்திருந்தது. அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளையாக இருந்தால்தான் மரியாதை.

அந்த நேரத்தில் ஆயுத பூசை வந்தது.

எல்லா வருடமும் மண்டோர் அண்ணன்தான் முன்னின்று செய்வார். தராசு, கத்தி, லாரி, முதலாளியின் கார், என் தட்டச்சு இயந்திரம் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைப்பார்கள். நான் வேதக்காரன் என்றாலும் பொரிகடலைக்கு மதம் கிடையாது. இந்த வருடம் புதிதாக ஒரு மெஷின் வேறு. அண்ணன் விடுவாரா? எல்லா நாளும் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷினை ஒரு நாளாவது நாம் சுத்தம் செய்ய வேண்டாமா என்பது அவர் நியாயம். அப்பழுக்கற்ற நியாயம்.

நாலு குழாயையும் கழற்றினார். உள்ளே சுருட்டியிருந்த சவ்வை வெளியே இழுத்தார். உறையை அறுத்து, பாய் விரிப்பது போல் விரித்தார். மாங்காய்ச் சதையும் பிசுக்குமாக இருந்ததைப் பார்த்து அவருக்கு நெஞ்சே பதறிவிட்டது. சவுக்காரத் தூளும் தேங்காய் நாரும் போட்டு, மூன்று பேரை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார். தேய்த்ததைக் கொடியில் போட்டு, நல்ல உச்சி வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டார். பிறகு பக்தியோடு சுருட்டி, மஞ்சள் கயிற்றால் கட்டி, குழாய்க்குள் செருகி, மூடியில் மூன்று பட்டை சந்தனம்.

நான் அலுவலகத்தில் இருந்தேன். கொடியில் ஏதோ வெள்ளையாக ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துணி என்று நினைத்தேன். காய்ந்தால் செத்தது என்று குறித்து வைத்த தாள், எனக்கு இரண்டு முழம் பின்னால், அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

மறுநாள் மெஷினை ஓட்டினார்கள். அண்ணன் என்னைக் கூப்பிட ஓடி வந்தார்.

"வந்து பாருங்க கிராணி! கழுவுன பொறவு தண்ணி எப்படிப் பிச்சுக்கிட்டு வருது பாருங்க! முன்னெல்லாம் சொட்டு சொட்டாத்தானே வந்துச்சு?"

பிய்த்துக்கொண்டுதான் வந்தது. தடுக்கச் சவ்வு இருந்தால்தானே! முதலாளி வந்து பார்த்து அண்ணனின் முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் மீட்டரை முக்கினேன். முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

ஒரு மனிதன் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். நான் மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். பிறகு போன வார எண்ணையே எழுதி, 'திருப்தி' என்று போட்டு, கையெழுத்திட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

மனசு உறுத்தாமல் இல்லை. அக்கா கடைக்குப் போய் மெதுவாகக் கேட்டேன். "எப்படிக்கா, இந்த வாரம் தண்ணி ரொம்ப மோசமா?"

"இல்லியே தம்பி. அதே உப்புதான். ஏன்?"

அதே உப்பு! மெஷின் செத்துப் போனது அந்தக் கிணற்றுக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? உயிரோடு இருந்தபோதும் அது கிணற்றுக்கு ஒன்றும் செய்யவில்லையே!

இரண்டு மாதம் கழித்து லிம் வழக்கமான சோதனைக்கு வந்தார். குழாயைத் திறந்தார். மஞ்சள் கயிறு கட்டிய சுருளை வெளியே இழுத்து, அதையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவர் கோபப்படவும் இல்லை. பச்சைக் குழாய்கள் போகிற வழியே நடந்து பின்பக்கம் போனார். கால்வாய் ஓரத்தில் நின்றார். ஒரு முழ இடைவெளியில் கொட்டுகிற இரண்டு குழாய்களையும் பார்த்தார்.

"துவா-துவா மாசோக் சினி கா?" என்று கேட்டார். இரண்டுமே இங்கேதான் விழுகிறதா என்று.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டார். முதலாளி மண்டோர் அண்ணனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். புது சவ்வுக்கு ஆகும் விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டார். மெஷின் மட்டும் அங்கேயே நின்றது. பம்பு ஓடியது. என் படிவமும் வாரம் தவறாமல் போனது.

அக்கா இரண்டாவது தடவை என்னிடம் மனு எழுதக் கேட்கவில்லை. பஸ் ஏறி, தானே அந்த இலாகா அலுவலகம் தேடிப் போயிருக்கிறார். அதிகாரி மரியாதையாக உட்காரவைத்து, ஃபைலைத் திறந்து காட்டியிருக்கிறார். 'பாருங்கள் அம்மா, வாரம் வாரம் சோதித்திருக்கிறார்கள். எல்லாமே திருப்தி.' அக்காவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தை அடையாளம் தெரியும். ஃபைலின் அடியில் அவருடைய மனு. அதன் மேல் வரிசையாக என் படிவங்கள். மேலும் கீழும் ஒரே கையெழுத்து, வால் நீட்டிச் சுழிக்கிற அதே அழகான எழுத்து.

அக்கா என்னிடம் வந்து சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறு வாரம் கடைக்குப் போனேன். பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தகரக் கூரையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோத்தா கோலா மூடாவில், ஆற்று முகத்தில், மீன் இறக்கும் துறை பக்கம் கொழுந்தனார் வீட்டை ஒட்டிக் கடை போடப் போகிறாராம். கணவர் எஸ்டேட் வேலையை விட முடியாது. அவர் இங்கே, அக்கா அங்கே. ஒரு கிணறு கரித்ததற்கு ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அதைப் பிரிக்க மெஷின் எதுவும் தேவைப்படவில்லை.

நானும் அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டேன். மனசாட்சி உறுத்தி விட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் முதலாளி சம்பளத்தை உயர்த்த மறுத்தார், அதனால் விட்டேன்.

கல்யாணமாகி, கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும் சாக்கில் கோத்தா கோலா மூடாவுக்குப் போனேன். அக்காவின் கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை, படகுக்காரர்கள் மொய்த்துக் கிடந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வா தம்பி, ஒக்காரு, பசியாறிட்டியா?" என்று பழைய குரலில் கேட்டார். தே கொடுத்தார். பைப்புத் தண்ணீரில் போட்ட தே. அப்படி ஒரு தேயை அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை. பாதிக்கு மேல் இறங்கவும் இல்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "கடலுக்குப் பக்கத்துலயே வந்துட்டீங்களே அக்கா. இங்க உப்பு தொந்தரவு இல்லயா?" என்று கேட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது.

அக்கா கெண்டியை இறக்கி வைத்தார். கடலைப் பார்த்தார்.

"ஒங்க மொதலாளி அன்னைக்கு கேட்டாருல்ல, கடல்ல இல்லாத உப்பான்னு? இங்க வந்து தெனமும் பாக்குறேன் தம்பி. கடல்ல உப்பு இருக்குதுதான். ஆனா, 'நான் நல்ல தண்ணி'ன்னு அது யார்கிட்டயும் கையெழுத்து வாங்கல."

சொல்லிவிட்டு, என் கிளாஸை எடுத்து மிச்சத் தேயைக் கொட்டிவிட்டு, வேறு சூடாக ஊற்றிக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

இதுதான் காரணம். இதை நான் என் மனைவிக்குச் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். டை கட்டிய தம்பி, உங்கள் வடிகட்டியில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பினாங்கு மெஷினிலும் குற்றம் இருந்ததில்லை. மறுபடி இந்தப் பக்கம் வந்தால் தாராளமாக உள்ளே வாருங்கள். ஒன்றுக்கு இரண்டாகவே வாங்கிக்கொள்கிறேன்... கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.